பேச்சு நிற்கிற வலி

பிள்ளை குடித்துக்கொண்டிருக்கிறது, குடிக்கிற பிள்ளையைப் பிடுங்கிக்கொண்டு யாரும் எழுந்து போக மாட்டார்கள், இதற்கு யாரும் தன்னைக் குறை சொல்ல முடியாது என்று யாமினி நினைத்தாள். நினைத்து முடிப்பதற்குள்ளேயே அது பொய் என்று தெரிந்தது. பிள்ளை குடிக்கவில்லை. காம்பை வாயில் வைத்துக்கொண்டு சும்மா கிடந்தது. கன்னம் ஒரு தரம் அசையும், நின்றுவிடும், யாரோ கூப்பிட்ட மாதிரி மறுபடி அசையும். தொண்டையில் இறங்குகிற சத்தம் இல்லை. குடிப்பது வேறு, வாயில் வைத்துக்கொண்டு தூங்குவது வேறு, தாடையைப் பார்க்காதே, தொண்டையைக் கேள் என்று அவளுக்குச் சொல்லிக்கொடுத்தவள் நளாயினி அக்கா. அந்த நளாயினி அக்காதான் சாத்தியிருக்கிற இந்தக் கதவுக்கு அந்தப்பக்கம், ஹாலில், சோபாவின் நுனியில் உட்கார்ந்து திட்டு வாங்கிக்கொண்டிருக்கிறாள். நுனியில்தான் உட்கார்ந்திருப்பாள். முழுசாகச் சாய்ந்து உட்கார்ந்தவர்களுடைய குரல் அப்படி வராது. "நீங்க சொல்றது சரிதான் சார்," என்றாள். சார். போன மாசம் வரைக்கும் யாமினியின் கணவன் தரணியை அவள் "தரணி தம்பி" என்றுதான் கூப்பிடுவாள், அவனும் அக்கா என்பான், வருகிறபோதெல்லாம் அவளுக்குச் சர்க்கரை இல்லாத காபி அவனே போட்டுக் கொடுப்பான். இன்றைக்கு வாசலிலேயே "வாங்க மேடம், உட்காருங்க" என்று அவன் சொன்னது படுக்கையறைக்குள் யாமினிக்குக் கேட்டது. அந்த மேடத்தைக் கேட்டதும் அவள் செய்த முதல் காரியம், தூங்கிக்கொண்டிருந்த பிள்ளையைத் தொட்டிலிலிருந்து எடுத்து மார்பில் வைத்துக்கொண்டது. பசித்து அழுததா? இல்லை. அது பாட்டுக்குத் தூங்கியது. வேண்டுமென்றே எழுப்பி, வாயைத் திறக்கவைத்து, ஒளிந்துகொள்ள ஒரு பிள்ளையை எடுத்து மேலே போர்த்திக்கொண்டாள். தாயாகி இன்னும் ஒரு மாசம் ஆகவில்லை, அதற்குள் பிள்ளையைக் கேடயமாகப் பிடிக்கப் பழகியாயிற்று.

மின்விசிறி சுற்றுகிறபோது ஒரு இடத்தில் மட்டும் தடுக்கியது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், கீழே பிள்ளைகள் கிரிக்கெட் ஆடுகிறார்கள், யாரோ அவுட், யாரோ அவுட் இல்லை. பக்கத்து ஃபிளாட்டில் கறி வேகிற வாசனை. இந்த ஃபிளாட்டில் பூண்டு. அவள் தலைமுடியில், நைட்டியில், பிள்ளையின் உச்சந்தலையில்கூடப் பூண்டு. அத்தை தினமும் உரித்து உரித்து நகக்கண் எரிகிறது என்கிறாள், ஆனாலும் உரிக்கிறாள். அத்தையின் குரல் இப்போது ஹாலில் எழுந்தது. "ஏனுங்கம்மணி, நாங்கெல்லாம் படிக்காதவங்கொ. எங்களுக்கு வலி வந்துச்சுன்னா வண்டியப் பூட்டுன்னு சொல்லிப்போடுவோம். நீங்க படிச்சவங்க, நாலு எடத்துக்குப் போயி கத்துக்கிட்டவங்கன்னுதானுங்க, டூலாவோ தூளாவோ, எம் பையன் உங்களக் கொண்டாந்தான். விடியட்டும், பொறுத்துப் போலாம்னு நீங்கதானுங்களே சொன்னீங்க?" "ஆமாங்கம்மா. நான்தான் சொன்னேன்." "எம் மருமவ பச்சப்புள்ளைங்க. அதுக்கு என்னுங்க தெரியும்? நீங்க சொன்னதக் கேட்டுட்டு வாயத் தொறக்காம கெடந்துச்சு." பச்சப்புள்ளை என்ற சொல் கதவுக்கு அடியிலிருந்த இடைவெளி வழியாக உள்ளே வந்து யாமினியின் காலடியில் உட்கார்ந்துகொண்டது. அத்தை தன்னைத் தூக்கிப் பிடிக்கத் தூக்கிப் பிடிக்க, நளாயினி அக்கா அந்தப்பக்கம் தாழ்ந்துகொண்டே போகிறாள், தராசுத் தட்டு மாதிரி. போய்ச் சொல். போய் இல்லை அத்தை என்று சொல். இரண்டே சொல். பிள்ளை குடிக்கிறதே. பிள்ளை குடிக்கவில்லை.

அம்மா இங்கே இருந்திருந்தால், பிரசவத்துக்குத் துணை இருக்கிற டூலா என்கிற சொல்லே இந்த வீட்டுக்குள் வந்திருக்காது. அம்மா மஸ்கட்டில் இருக்கிறாள். யாமினியின் கூடப்பிறந்த அக்காவுக்கு அங்கே இரட்டைப் பிள்ளைகள், இரண்டும் ஒரே சமயத்தில் அழும், அம்மாவால் அங்கிருந்து அசைய முடியவில்லை. "உனக்கென்ன, நீ எப்பவும் சமாளிச்சுக்குவ," என்று அம்மா வீடியோவில் சொன்னாள். அதைப் பாராட்டாகத்தான் சொன்னாள். யாமினியும் பாராட்டாகத்தான் வாங்கிக்கொண்டாள். பிறகு குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். அதற்கு மறுநாள்தான் தரணி ஆபீஸில் யாரையோ விசாரித்து நளாயினி அக்காவைக் கண்டுபிடித்தான். முன்பு ஏதோ ஒரு வங்கியின் வாடிக்கையாளர் சேவையில் நாளெல்லாம் தொலைபேசியில் பேசுகிற வேலை பார்த்தவள், தன்னுடைய இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகு அதை விட்டுவிட்டு இதைப் படித்தாளாம். மருந்து கொடுக்க மாட்டாள், ஊசி போட மாட்டாள், பிள்ளையை எடுப்பது டாக்டருடைய வேலை. அவளுடைய வேலை கூட இருப்பது. முதுகின் அடிப்பக்கத்தில் உள்ளங்கையை வைத்து அழுத்துவது, மூச்சை எப்படி விடுவதென்று சொல்வது, பயப்பட வேண்டியது எது வேண்டாதது எது என்று பிரித்துக் காட்டுவது, வீட்டிலிருந்து எப்போது கிளம்பலாம் என்று சொல்வது. அந்தக் கடைசிதான். அந்தக் கடைசியை அவள் காதால் கண்டுபிடிப்பாள். சனிக்கிழமை வகுப்பில் தரையில் பாய் விரித்து எல்லாரும் வயிற்றைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள், அபிநயா எப்போதும் யாமினிக்குப் பக்கத்தில், ஏழாம் மாசத்தில் ஒரு பிள்ளையைப் பறிகொடுத்துவிட்டு இரண்டாவதைச் சுமக்கிற அபிநயா, சுவரைப் பார்த்தே பேசுகிறவள். நளாயினி அக்கா சொல்வாள்: "ராத்திரி எத்தனை மணியானாலும் எனக்குப் போன் பண்ணுங்க. நான் சும்மா கதை பேசுவேன். என்ன சாப்ட்ட, என்ன படம் பாத்தன்னு கேட்டுட்டே இருப்பேன். லேசான வலின்னா நீங்க பேசிட்டே இருப்பீங்க. நெஜமான வலி வந்துச்சுன்னா பேச்சு தானா நின்னுடும். பாதி வாக்கியத்துல நின்னுடும். அது நின்னா நான் அங்க கிளம்பிடுவேன். நீங்க ஒண்ணும் சொல்லவே வேண்டாம், நிறுத்துனாப் போதும்." எல்லாரும் சிரித்தார்கள். ஒருத்தி, பேச்சு நின்றதும் நிற்காததுமாக ஆஸ்பத்திரிக்கு ஓடி, இன்னும் நேரமிருக்கிறது என்று திருப்பி அனுப்பப்பட்டு, மறுநாள் மறுபடியும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போன கதையையும் நளாயினி அக்கா அன்றைக்குத்தான் சொன்னாள். அதற்கும் சிரித்தார்கள். அன்பாகத்தான் சிரித்தார்கள். யாமினி அந்தச் சிரிப்பைப் பத்திரமாக வீட்டுக்கு எடுத்து வந்தாள். திரும்பி வருகிறவளாகத் தான் இருக்கக் கூடாது.

இருக்கவில்லை. பிள்ளை பிறந்ததற்கு முந்தின நாள் சாயந்திரமே ஆரம்பித்துவிட்டது. துணி மடித்துக்கொண்டிருந்தாள், அடிவயிற்றை யாரோ ஈரத்துணி பிழிகிற மாதிரி முறுக்கினார்கள், விட்டார்கள். சாப்பிடுகிறபோது முறுக்கியது, அத்தைக்கு ரசம் பரிமாறினாள். தரணி லேப்டாப்பில் ஏதோ அவசர வேலையென்று உட்கார்ந்து, அப்படியே சோபாவில் தூங்கிப்போனான், அவனுக்குப் போர்வை போர்த்திவிட்டாள், போர்த்துகிறபோதும் முறுக்கியது. எல்லாரும் படுத்த பிறகு, இதோ இந்த ஜன்னல் கம்பியைத்தான் பிடித்துக்கொண்டு நின்றாள், கம்பியின் துரு உள்ளங்கையில் ஒட்டியது, அப்போதுதான் நளாயினி அக்காவே போன் செய்தாள், மத்தியானம் பேசியபோது ஏதோ சந்தேகமாக இருந்ததாம். "எப்படி இருக்க கண்ணா?" "நல்லா இருக்கேன்க்கா. லேசா இருக்கு." "எவ்வளவு நேரத்துக்கு ஒருக்கா?" "பத்து நிமிஷம் இருக்கும்க்கா." இருக்கவில்லை. ஒன்று போய் அடுத்தது வருவதற்குள் முகத்தைத் துடைத்துக்கொள்ளத்தான் நேரமிருந்தது. "நைட்டு என்ன சாப்ட்ட?" அப்போது ஒன்று வந்தது. இடுப்பெலும்பைப் பிளந்து நடுவில் ஆப்பு இறக்குகிற வலி, கண்ணுக்குள் வெள்ளையாக ஒரு தாள் கிழிந்தது. அதற்கு நடுவே அவளுடைய வாய், அவளைக் கேட்காமலே, அழகாக, நிறுத்தி நிதானமாகச் சொன்னது: "தோசைக்கா. ரெண்டு சாப்ட்டேன். தேங்காய்ச் சட்னி, கொஞ்சம் பொடி. அத்தை மூணாவது ஊத்தினாங்க, வேண்டாம்னுட்டேன்." ஒரு சொல்லும் உடையவில்லை. "தரணி தம்பிகிட்டக் குடேன்." "தூங்கறாங்கக்கா, பாவம், நாளைக்கு மீட்டிங் இருக்கு." அந்தப்பக்கம் நளாயினி அக்கா கொஞ்சம் சும்மா இருந்தாள். கேட்டுக்கொண்டிருந்தாள். இப்போது தெரிகிறது, அந்தச் சும்மாவில் அவள் தன் காதை முழுசாகத் திறந்து வைத்துக்கொண்டிருந்தாள். பிறகு சிரித்தாள். "சமத்து. இவ்வளவு அழகாப் பேசுற, இன்னும் நேரமிருக்கு. வெந்நீர் ஊத்திட்டுப் படு. விடியட்டும், வந்துடறேன்." அந்தச் சமத்து. அதுதான் இப்போதும் காதில் நிற்கிறது. வலியில் கண்ணீர் வழிந்துகொண்டிருந்த முகத்தில், இருட்டில், யாரும் பார்க்காத இடத்தில், யாமினி சந்தோஷப்பட்டாள். பரிசு வாங்கின மாதிரி இருந்தது. பிள்ளை கீழே இறங்கிக்கொண்டிருக்கிறது, அவள் மார்க் வாங்கிக்கொண்டிருக்கிறாள்.

வாய் அப்படிப் பழகியிருந்தது. குன்னூரில் கான்வென்ட் ஹாஸ்டலில் ஐந்தாம் வகுப்பிலிருந்து இருந்தவள். அப்பா எஸ்டேட் அலுவலகத்தில் கணக்கர், மகள் இங்கிலீஷில் பேச வேண்டும் என்று சேர்த்தார், பேசினாள். காலைக் கூட்டத்தில் மேடையில் நின்று வாசகம் படிக்கிற வேலை அவளுடையது. பனி மூக்குக்குள் ஏறும், மைக் ஜில்லென்றிருக்கும், அறுநூறு பிள்ளைகள் முழங்கால் நடுங்க நிற்பார்கள். ஒரு நாள் பாதி வாசிக்கிறபோது பின்கழுத்தில் குளவி கொட்டியது. கொட்டி, காலருக்குள் இறங்கி, மறுபடி கொட்டியது. யாமினி நிறுத்தவில்லை. முற்றுப்புள்ளியில் மூச்சு, காற்புள்ளியில் அரை மூச்சு, கடைசி வரி, தலைவணக்கம், படிக்கட்டில் இறங்கி வந்து வரிசையில் நின்ற பிறகுதான் மயங்கி விழுந்தாள். தலைமைச் சிஸ்டர் அவளை எழுப்பி உட்காரவைத்து எல்லாருக்கும் காட்டினார்கள். பார்த்தீர்களா இந்தப் பிள்ளையை, ஒரு சொல் தடுமாறினாளா? கழுத்து வீங்கி இரண்டு நாள் காய்ச்சல். ஆனால் அந்த இரண்டு நாளும் அவளைப் பார்க்க வந்தவர்கள் பார்த்த பார்வை இருக்கிறதே, அதை விற்றுத்தான் இத்தனை வருஷமும் சாப்பிட்டிருக்கிறாள். பொண்ணு பார்க்க வந்தவர்கள் முன்னால், வேலையை விட்டு நீக்கிய மேனேஜர் முன்னால், அம்மா வீடியோவில் சமாளிச்சுக்குவ என்றபோது. சிஸ்டர் மேல் பழி போடுகிறாயா என்று தன்னையே கேட்டுக்கொண்டாள். சிஸ்டர் பாவம், செத்துப்போய்விட்டார்கள். அவர்களா போனில் வந்து பத்து நிமிஷம் என்று சொன்னார்கள்? குளவி கொட்டியதற்குப் பொய் சொல்ல வேண்டியிருக்கவில்லை, பேசாமல் பொறுத்தால் போதும். போனில் சொன்னது பொய். பத்து என்ற எண்ணை அவளே தேர்ந்தெடுத்தாள். ஐந்து என்று சொல்லியிருக்கலாம், ஐந்து என்றால் அக்கா கிளம்பிவிடுவாள் என்று தெரியும், அதனால் பத்து. அப்படிக் கூட்டிக் கழித்துப் பொய் சொல்கிற அளவுக்கு அந்த வலியிலும் புத்தி இருந்தது. அந்தப் புத்தி, பொறுக்க முடியவில்லை, வாங்க என்று சொல்வதற்கு மட்டும் இல்லாமல் போயிற்று.

"புள்ளைக்கு ஒடம்பு நீலம் பாஞ்சு கெடந்துச்சுங்க," என்று அத்தை ஹாலில் சொல்லிக்கொண்டிருந்தாள். அந்தப் பேச்சு அங்கே வந்துவிட்டது. தினமும் யாராவது பார்க்க வந்தால் அத்தை இந்த இடத்துக்கு வந்துவிடுவாள், யாமினி காலை மடக்கிக்கொள்வாள். அன்றைக்கு விடியற்காலையில் லிஃப்டில் இறங்குகிறபோதே ஆஸ்பத்திரி வரைக்கும் தாங்காது என்று தெரிந்துவிட்டது. பார்க்கிங்கில் காரின் கதவு திறந்திருந்தது, ஏற முடியவில்லை, தூணுக்குப் பக்கத்தில் குந்திவிட்டாள். சிமெண்டுத் தரை, எண்ணெய்க் கறை, யாருடையதோ குழந்தை சைக்கிள். தரணி சாவியைக் கையில் வைத்துக்கொண்டு சாவியைத் தேடினான். வாட்ச்மேன் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றார், அவர் முதுகு ஒன்றுதான் அன்றைக்கு அங்கே மரியாதையாக இருந்த பொருள். மூன்றாம் மாடி டீச்சர் நடைப்பயிற்சிக்கு இறங்கி வந்து அப்படியே நின்றுவிட்டாள், இப்போதும் பால்கனியில் பார்த்தால் மிகவும் அன்பாகச் சிரிக்கிறாள், அந்த அன்பைத் தாங்க முடியவில்லை. மலம் வந்தது. நைட்டி இடுப்புக்கு மேலே. அதுவரை ஒரு சொல் தடுமாறாத வாய் ஒரேயடியாகத் திறந்துகொண்டது, எஸ்டேட் லாரிக்காரர்கள் பேசுகிற பேச்செல்லாம், எங்கே கேட்டாள், எப்போது சேர்த்து வைத்தாள், தூணில் மோதித் திரும்பி வந்தது. "இன்னொருக்கா முக்கு கண்ணு" என்று சொல்லி முன்னால் மண்டியிட்டிருந்த அத்தையைப் பார்த்து "போடி கிழவி" என்றாள். அத்தை இன்னும் கிட்டே நகர்ந்தாள். முந்தானையை விரித்துப் பிடித்துக்கொண்டாள். பிள்ளை அதில்தான் விழுந்தது. அழவில்லை. நீலமாக, ஈரமாக, யாரும் உரிமை கொண்டாடாத ஒரு பொருள் மாதிரி அத்தையின் சுங்குடிச் சேலையில் கிடந்தது. அத்தை அதன் முதுகைத் தேய்த்தாள், தேய்த்தாள், ஏதோ ஒரு சாமியைக் கெட்ட வார்த்தையில் கூப்பிட்டாள், பிறகு பூனை மாதிரி ஒரு சத்தம். ஆஸ்பத்திரியில் பிள்ளையைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தார்கள், மூக்கில் குழாய். இப்போது சரியாகிவிட்டது என்கிறார்கள். இப்போது இதோ இருக்கிறது, சூடாக, கனமாக, வாயோரம் பால் காய்ந்து. ஆனால் அது தூங்குகிறபோது விரலின் நகத்தைப் பார்க்காமல் யாமினிக்கு ஒரு நாளும் கண் மூட முடிந்ததில்லை. நீலம் இருக்கிறதா. இல்லை. இன்னொரு கை. இல்லை. போடி கிழவி என்றதை அத்தை இதுவரை தரணியிடம் சொல்லவில்லை. பூண்டு உரித்துக்கொண்டிருக்கிறாள்.

கண்ணாடிக்கு வெளியே நின்றபோது தரணி கேட்டான். "அந்தம்மா போன் பண்ணினாங்களா, இல்லையா?" "பண்ணினாங்க." "என்ன சொன்னாங்க?" "விடியட்டும்னாங்க." அவ்வளவுதான். இரண்டும் உண்மை. பரீட்சையில் கேட்டதற்கு மட்டும் பதில் எழுதுகிற மாதிரி. அவன் முகம் மாறியதைப் பார்த்தாள், அவனுக்குப் பிடித்துக்கொள்ள ஒரு ஆள் கிடைத்துவிட்டது. ராத்திரி முழுக்க ஹால் சோபாவில் தூங்கியவன் அவன். அவனுக்கும் அது வேண்டியிருந்தது. இப்போது சொல்லலாம், பிள்ளை வெளியே வரட்டும். வந்தது. வீட்டுக்குப் போகட்டும். போனார்கள். நளாயினி அக்கா போன் செய்தாள், யாமினி எடுக்கவில்லை, மறுபடி செய்தாள், போனைத் தலையணைக்குக் கீழே வைத்து அது அதிர்ந்து அடங்குகிற வரைக்கும் மேலே கையை வைத்துக்கொண்டாள், பிரசவித்தவளுக்கு எடுக்க முடியாது, யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். இப்போது ஹாலில் தரணி தன் ஆபீஸ் குரலில் பேசினான், அந்தக் குரல் ஏறாது, இறங்காது: "நாளைக்கு செக்கப் இருக்கு மேடம். டாக்டர்கிட்ட எல்லாத்தையும் சொல்லத்தான் போறேன். அவங்க உங்களை நம்பித்தானே லேபர் ரூமுக்குள்ள விடறாங்க? இனிமே யாரையும் இப்படி... வேற யாருக்கும் இது நடக்கக் கூடாது, அவ்வளவுதான்." கதவுக்கு இந்தப்பக்கம் யாமினி பிள்ளையின் காதைப் பொத்தினாள். எதற்கென்று தெரியவில்லை. நளாயினி அக்கா பேச ஆரம்பித்தாள், முதலில் கேட்கவில்லை, பிறகு கேட்டது. "நீங்க சொல்லணும்னு இல்ல சார். நானே நிறுத்திட்டேன். ஒரு பொண்ணுக்கு இந்த வாரம் நாள் குறிச்சிருக்கு. முன்னாடி ஒரு புள்ளையத் தொலைச்ச பொண்ணு. நான் கூட இருப்பேன்னு சொன்னதாலதான் தைரியமா இருந்துச்சு. அதுகிட்ட நேத்து வேற ஆள் பாத்துக்கோன்னு சொல்லிட்டேன். ஒரே அழுகை. என்ன பண்றது? வேற எதுவும் இல்ல சார் என்கிட்ட. காது ஒண்ணுதான். அன்னைக்கு நான் நல்லாக் கேட்டேன், ரொம்ப நேரம் கேட்டேன், ஒண்ணுமே தப்பாத் தெரியல. இவ்வளவு பெரிய வலியக் கேட்காத காதை வெச்சுக்கிட்டு இன்னொருத்தி பக்கத்துல நான் எப்படிப் போய் நிப்பேன்?" சோபா முனகியது. எழுந்துவிட்டாள்.

அபிநயா. சுவரைப் பார்த்துப் பேசுகிற அபிநயா, ஒரு நாள் வகுப்பு முடிந்து படிக்கட்டில் இறங்குகிறபோது, எனக்கு வலி வந்தால் பயத்தில் வலிக்கிறதா, வலியில் பயமா என்று எனக்கே தெரியாது, அக்காவுக்குத் தெரியும், அதுதான் நிம்மதி என்று சொன்ன அபிநயா. அவளும் இப்போது ஏதோ ஒரு ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். யாமினிக்கு முதுகில் வேர்த்தது. ஒரு பொய், ஒரே ஒரு எண், அது இந்தப் பிள்ளையை நீலமாக்கியதோடு நின்றுவிட்டது என்றுதானே நினைத்தாள். அது இன்னும் வீடு வீடாகப் போய்க்கொண்டிருக்கிறது. போய்ச் சொல். சொன்னால் அத்தை எப்படிப் பார்ப்பாள், முந்தானையை விரித்தவள்? தரணி எப்படிப் பார்ப்பான்? பிள்ளையை நீதான் அப்படிச் செய்தாயா என்று ஒரு நாள், எப்போதாவது, ஏதோ சண்டையில் கேட்பான், கேட்காமலே மனதுக்குள் வைத்திருப்பான், பிள்ளைக்குப் படிப்பு வராவிட்டால் கேட்பான், பேச்சு தாமதமானால் கேட்பான். அவளே கேட்டுக்கொள்வாள். ஹாலில் பையின் ஜிப் சத்தம். யாமினி சுண்டுவிரலைப் பிள்ளையின் வாயோரத்தில் நுழைத்தாள், மெத்தென்று சூடாக ஈறு தட்டியது, காற்று புகுந்து பிடி விட்டது. பிள்ளை ஒரு நொடி நம்பாமல் பார்த்தது. பிறகு முகம் முழுவதும் சுருங்கி, சிவந்து, வீடே கேட்கக் கத்தியது. தையல் இழுத்தது. ஒரு கையில் பிள்ளை, மறு கையால் பொத்தானைத் தேடினாள், அகப்படவில்லை, விட்டுவிட்டு முழங்கையால் தாழ்ப்பாளைத் தள்ளினாள்.

நளாயினி அக்கா வாசற்படியில் குனிந்து செருப்பு மாட்டிக்கொண்டிருந்தாள். ஒரு கால் ஆகிவிட்டது. "அக்கா, போகாதீங்க." தரணி திரும்பினான். "நீ ஏன் எந்திரிச்ச? உள்ள போ. நான் பாத்துக்கறேன்ல." அத்தை எழுந்து ஓடி வந்து தோளில் துண்டைப் போட்டாள். "பால் குடிக்கிற புள்ளைய எதுக்குக் கண்ணு எடுத்த? அழுவுது பாரு." "பத்து நிமிஷம்னு நான் சொன்னது பொய்," என்றாள் யாமினி. சொன்ன விதம் அவளுக்கே அருவருப்பாக இருந்தது, அப்போதும் குரல் நேராக, உச்சரிப்பு சுத்தமாக வந்தது. "ரெண்டு நிமிஷம்கூட இல்லை. அக்கா தோசை பத்திக் கேட்டப்ப எனக்கு உயிர் போயிட்டிருந்தது. நான் காட்டிக்கலை. வேணும்னேதான் காட்டிக்கலை. அவங்க காதுல ஒரு குறையும் இல்லை." "வலியில யாரு என்ன பேசினான்னு யாருக்கு ஞாபகம் இருக்கும், விடு யாமினி," என்றான் தரணி. தப்பித்துக்கொள்ள வழி காட்டுகிறான், கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நிற்கிறான், அன்பாகத்தான். "எனக்கு ஞாபகம் இருக்கு. அவங்க உங்ககிட்டக் குடுன்னு கேட்டாங்க. தூங்கறீங்கன்னு சொன்னேன்." அவன் கண் அவள் முகத்திலிருந்து பிள்ளைக்குப் போனது. அங்கேயே நின்றது. அத்தையின் கை தோளிலிருந்து கீழே வந்தது, எடுத்துக்கொண்டாளா, வழுக்கியதா, தெரியவில்லை.

நளாயினி அக்கா நிமிர்ந்தாள். கண்ணுக்குக் கீழே கருத்திருந்தது. ஓடி வந்து கட்டிக்கொள்வாள் என்று மனதின் ஏதோ ஒரு மூலையில் எதிர்பார்த்திருந்தது யாமினிக்கு அப்போதுதான் தெரிந்தது. "உள்ள ஒக்காந்து கேட்டுட்டேதான் இருந்தியா?" என்றாள். "ஆமாக்கா." "நான் வந்ததுல இருந்தா?" "ஆமா." "இத்தனை நாளா நான் தூங்கலடி," என்றாள் நளாயினி அக்கா. சத்தம் போடவில்லை. "ஒரு போன். ஒரு போன் எடுத்திருக்கலாம்ல நீ?" யாமினிக்கு மன்னிப்பு என்ற சொல் வாயில் தயாராக இருந்தது, அழகான சொல், சரியான இடத்தில் நிறுத்திச் சொல்லத் தெரியும். சொல்லவில்லை. பிள்ளை கால்களை உதைத்துக் கத்தியது, பால் தானாக வழிந்து துண்டு நனைந்தது, தரணி சுவரில் சாய்ந்து நின்றான். பிள்ளையை வாங்கிக்கொள்ள யாரும் கை நீட்டவில்லை. "நாளைக்கு டாக்டர்கிட்ட நானே சொல்றேன்க்கா. அபிநயாகிட்டயும் நானே பேசறேன்." "என்னன்னு சொல்லுவ?" யாமினி வாயைத் திறந்தாள். குரல் உடைந்தது, மறுபடி எடுத்தாள், மறுபடியும் உடைந்தது. "சாயந்திரமே ஆரம்பிச்சிடுச்சுக்கா," என்றாள், பிள்ளையின் அழுகைக்கு மேலே கேட்க வேண்டுமென்று உரக்க, மூன்றாம் மாடி வரைக்கும் கேட்கும் என்று தெரிந்தும் உரக்க, "துணி மடிச்சிட்டு இருந்தேன், அப்ப..." ஒரு கால் செருப்போடு, ஒரு கால் வெறும் தரையில், நளாயினி அக்கா கேட்டுக்கொண்டு நின்றாள்.